பூனைக்கு முகம் பார்த்தவர்

முகமே இல்லாத எதிராளியை முகம் பார்த்தே வெல்லலாம் என்று ஒருவர் எப்படி நம்புகிறார்? எனக்குத் தெரியவில்லை.

இன்று பின்னேரம் தங்கையின் வீட்டுக்குப் போனேன். அவள் கணவர் ஆட்டோவுக்குள் இருந்தபடி போனில் காசு கட்டி ஸ்டட் போக்கர் ஆடிக்கொண்டிருந்தார். பாசிக்குடாக் கடற்கரைக்கு ஆள் ஏற்றும் ஆட்டோ. அந்த வீட்டின் ஒரே வருமானம்.

நான் கேட்காமலே விளக்கினார்.

"ஒரு காட்ஸக் கவுட்டுத் தருவான் மச்சாள். மிச்சம் நாலும் எல்லாருக்கும் தெரியும். கவுட்டு வெச்சதத்தான் கண்டுபிடிக்கணும். காட்ஸில முந்நூற்றிநாலு விளையாடக்குள்ள, மூஞ்சியப் பாத்தே கவுட்டு வெச்ச துரும்பச் சொல்ற ஆள் நான்!"

"இதுல மூஞ்சி எங்க?"

எதிராளியின் பெயருக்குப் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட பூனைப் படம் ஒன்று இருந்தது. அதைத் தொட்டுக் காட்டினார்.

"இவன் பயந்திட்டான்."

"பூனையா?"

"படிச்ச ஆக்களுக்கு எல்லாத்திலயும் சந்தேகம்தான்."

"எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. இந்த ஆட்டோவும் போகத்தான் போகுது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பூனையின் பயத்தைக் கண்டறியும் முறை தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.

மறுநாள் சேர்த்தது: தோற்ற காசுக்கு ஆட்டோவை ஈடு வைத்துவிட்டார். தங்கை அழுதபடி எனக்குப் போன் எடுத்தாள்.

"உங்கட வாய்தான் அக்கா அவரத் தோக்கடிச்சது. இனி இஞ்ச வராதீங்க."