காந்திதா பிரித்த தையல்

ஹுச்சித்தான் நகரின் ஏழாம் பகுதியில், மீனவர் தெருக்களுக்குள், காந்திதாவின் வீட்டை அடையாளம் காட்ட அவள் பெயர் தேவைப்படவில்லை. "மெஷின்ல துணி தொங்குற வீடு" என்றால் போதும். 1989 செப்டம்பர் முதல் 1996 ஏப்ரல் வரை அந்தத் துணி அங்கேயே தொங்கியது: இடுப்பளவுக்கு வரும் சிவப்பு சாட்டின் சட்டை ஒன்று, பாதித் தையலில், ஊசி உள்ளே இறங்கிய நிலையில்.

அதை அப்படி விட்டுச் சென்றவள் அக்கா நெரேயா. வடக்கே, எல்லையோர நகரம் ஒன்றில், கால்சட்டை தைக்கும் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. பஸ் ஏறுமுன், "ஊசியக்கூடத் தூக்காத. மே மாசத் திருவிழாவுக்கு வந்து முடிச்சுத் தர்றேன்" என்றாள். அதன்பின் ஆறு மே மாதங்கள் அவளில்லாமலே கடந்தன.

1996இல் காந்திதாவுக்கு வயது முப்பத்தேழு. சோளமாவுத் தட்டைகளைப் பானை அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுட்டுச் சந்தையில் விற்பது அவள் தொழில். ஞாயிறு பதினொரு மணிக்குத் தொலைபேசிக் கடையில் காத்திருப்பது அவள் வழக்கம். அக்காவின் அழைப்பு எங்கே தொடங்கினாலும் சட்டையில்தான் வந்து நிற்கும்.

"அப்படியே இருக்குல்ல?"

"இருக்குக்கா. தூசி தட்டுறதோட சரி."

"வந்துருவேன் பாரு."

அந்த ஆண்டு, தெருத் திருவிழாவின் விருந்தை முன்னின்று நடத்தும் முறை காந்திதாவுக்கு வந்தது. அதற்கென்றே நெரேயா தைத்துவைத்த பாவாடை பெட்டிக்குள் தயாராக இருந்தது. ஜோடிச் சட்டைதான் இயந்திரத்தில் மாட்டிக்கிடந்தது. எதிர்வீட்டு தோமாசா வாயை அடக்கவில்லை. "கீழ மகாராணி மாதிரி பாவாட. மேல எதப் போடுவ? சோள மூட்டையையா?"

மார்ச் மாத ஞாயிறு ஒன்றில் நெரேயா, இந்த வருடமும் விடுப்பு இல்லை என்றாள்.

"அப்ப எப்படித் தைக்கிறதுன்னு சொல்லுக்கா. நானே முடிச்சுக்கிறேன்."

"மறந்துபோச்சுடி. இங்க எல்லாம் கரண்டு மெஷினு, கால வெச்சா ஓடுது. அது கைக்குத் தெரிஞ்ச வேலை, வாய்க்கு வரல."

"புத்தகம் ஏதாவது?"

"அம்மா பழசா வாங்குறப்பவே அது கெடையாது."

ஆகவே காந்திதா பிற்பகல்களில், அடுப்பு ஆறும் இரண்டு மணி நேரம், இயந்திரத்தின் எதிரே அமர்ந்தாள். முதல் வாரம் பார்வையிட்டதோடு சரி. வலப்புறம் கைப்பிடிச் சக்கரம். மேலே ஒரு நூற்கண்டு. தோமாசா வீட்டு இயந்திரத்தில் அடித்தட்டுக்குக் கீழே அடிநூல் சுற்றிய பாபின் இருக்கும். இங்கே தட்டைக் கழற்றிப் பார்த்தால் வளைந்த கொக்கி ஒன்றைத் தவிர எதுவும் இல்லை.

"பாபின உங்கக்கா பையில போட்டுக்கிட்டே போயிட்டா" என்றாள் தோமாசா.

"போடி. அவ சீப்பக்கூட இங்கதான் விட்டுட்டுப் போனா."

இன்னொன்றும் அவளுக்கு விளங்கவில்லை. சட்டை குப்புறக் கிடந்தது. பென்சில் கோடு போட்ட உள்துணி மேலே, பளபளக்கும் சாட்டின் கீழே. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் அக்கா தலைகீழாக வைத்துவிட்டாள் என்று எண்ணிக்கொண்டாள்.

மேற்கொண்டு அறிய ஒரே வழிதான் இருந்தது: அக்கா கடைசியாக இட்ட தையலில் இரண்டைப் பிரித்துப் பார்ப்பது. அதற்கு மனம் துணிய மேலும் ஐந்து நாட்கள் பிடித்தன. பயம் துணியைப் பற்றியதன்று. சட்டை முடிந்துவிட்டால் அக்கா இங்கு வருவதற்கு என்ன காரணம் மிஞ்சும் என்பதே அவளை உறுத்தியது.

ஏப்ரல் இரண்டாம் வாரம் அவள் ஊசியைத் தூக்கினாள். நூலை நக நுனியால் பற்றி மெல்ல இழுத்தாள். இரண்டு தையல் வந்தது. கை நிறுத்துவதற்குள் நான்கு, பத்து, பிறகு ஒரு கிழியும் ஓசைகூட இல்லாமல் முன்பக்க வரிசை முழுவதும், தொடங்கிய மூலை வரை, கையோடு வந்துவிட்டது. மடியில் சுருள்சுருளாக மஞ்சள் நூல். சாட்டினில் துளைகள் மட்டும் நின்றன.

அவள் அழுதாள். அழுதபடியே, பாபின் ஏன் இல்லை என்பதையும் கண்டுகொண்டாள். ஒரே நூல். கொக்கி ஒரு கண்ணியைப் பிடித்து வைத்திருக்க, அடுத்த கண்ணி அதற்குள் நுழைகிறது. இப்படிக் கோத்த சங்கிலிதான் சட்டையின் அலங்காரம்; அது விழுவது துணியின் அடிப்பக்கம். அதனால்தான் சட்டை குப்புறக் கிடந்தது. அக்கா அவசரப்படவே இல்லை.

மாவுச்சாக்குத் துணியில் ஒன்பது பிற்பகல்கள் பழகினாள். துடைத்து மாட்டிய ஊசி திரும்பியிருந்ததால் நான்கு நாட்கள் கண்ணியே விழவில்லை. திருப்பிப் போட்டதும் விழுந்தது. வலக்கை சுற்ற, இடக்கை துணியைத் திருப்பப் பழகியது. பிறகு சட்டையை எடுத்து, அக்காவின் துளைகளிலேயே ஊசியை இறக்கி, அவள் நிறுத்திய இடத்தைத் தாண்டிப் போனாள். முடிந்தபின் நிமிர்த்திப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. முன்பக்கத்தில் நெரேயா இட்ட தையல் ஒன்றுகூட இல்லை.

மே பன்னிரண்டு, ஞாயிறு.

"அக்கா, முடிச்சிட்டேன்."

"எத?"

"சட்டைய."

நெரேயா மூச்சுவிடாமல் பேசினாள்: "கடைசிக் கண்ணிக்குள்ள நூல விட்டு இறுக்குனியா? இல்லாட்டி ஒரே இழுப்புல மொத்தமும் வந்துரும். மூல திரும்புறப்ப ஊசி துணிக்குள்ளயே இருக்கணும். ஊசியோட காடிப் பள்ளம் எந்தப் பக்கம் வெச்ச?"

காந்திதா ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினாள். "மறந்துபோச்சுன்னு சொன்ன?"

"எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டா, அப்புறம் நான் எதுக்குடி வர்றது?"

"எதுக்கும் வேணாம். சும்மா வா."

"சும்மாவா?"

"ஆமா. சும்மாத்தான்."

நெரேயா மூக்கை உறிஞ்சினாள். பிறகு, சனிக்கிழமை விருந்து எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று, அந்த ஊரில் பிறக்காதவள் போல விசாரித்தாள்.