கடலைப் பார்த்த அறை

கூட்டம் பிடிக்காதவர்கள் தேடி வரும் கடற்கரை ஊர் அது. வருகிறவர்கள் எல்லாம், "ஆஹா, என்ன அமைதி!" என்று சொல்லிவிட்டுக் காலை நீட்டிவிடுவார்கள். சொல்ல மாட்டார்களா பின்னே? அவர்கள் காலோடு வந்த மணலைக் கூட்டி அள்ளுவது விடுதிக்காரி அல்லவா! ஐந்து அறை, இரண்டே கை. கணவன் போய்ச் சேர்ந்த பிறகு அவளே முதலாளி, அவளே வேலைக்காரி. கடலில் கால் நனைத்து எத்தனை வருஷமாயிற்று என்று கேட்டால் முறைப்பாள்.

அக்கா வந்தபோது கடலைப் பார்த்த அறையைத்தான் கொடுத்தாள். அக்காவுக்கு இதயத்தில் ஆபரேஷன், அடுத்த வாரம். அதற்கு முன் தங்கையோடு ஆற அமர உட்கார்ந்து நாலு வார்த்தை பேச வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. இவளோ, அக்கா எழுந்தால் விரிப்பை உருவினாள், டீ குடித்து முடிப்பதற்குள் கிளாஸைப் பிடுங்கினாள்.

"நான் என்ன காசு குடுத்துத் தங்க வந்தவளாடி? கொஞ்சம் உட்காரேன்."

"இதோ வந்துட்டேன்க்கா, அந்த பாத்ரூமை மட்டும் கழுவிட்டு..."

செக்குமாட்டை அவிழ்த்து விட்டாலும் சுற்றித்தானே வரும்!

அக்கா கிளம்ப வேண்டிய நாளும் வந்தது. காலையில் சந்தைக்குப் போய்த் திரும்பிய தங்கை அந்த அறையை எட்டிப் பார்த்தாள். தரை பளிச்சென்றிருந்தது. விரிப்பெல்லாம் துவைத்துக் கொடியில் கிடந்தது. பெட்டியைக் காணோம். அவள் தொழிலில் இதற்கு ஒரே அர்த்தம்தான்: ஆள் காலி செய்தாயிற்று. 'சொல்லாம கொள்ளாம போயிட்டாளே!' அந்த ஆத்திரத்தில் என்ன செய்தாள் என்கிறீர்கள்? அடுத்த நாலு அறையையும் கூட்டினாள்.

ஈரத்துணி காயப்போட மாடி ஏறியபோதுதான் பார்த்தாள். மணலில் பெட்டியோடு அக்கா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இரண்டு டீ கிளாஸ்.

விழுந்தடித்து ஓடினாள். "ஏன்க்கா, சொல்லியிருக்கக் கூடாதா?"

"என் ரூம் வேலைய நானே முடிச்சா நீ என்னைத் தேடிட்டு வருவேன்னு நினைச்சேன். சொல்லியிருந்தா 'இதோ வந்துட்டேன்'னு சொல்லியிருப்பே."

சாலையில் பஸ் ஹாரன் அடித்தது. இதை விட்டால் மறுநாள்தான் பஸ். அக்கா கையை ஊன்றி மெல்ல எழுந்தாள். பாவி மகள், அப்போதாவது அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாளா? குனிந்து அக்காவின் துணியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டத் தொடங்கினாள்.

அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது இருக்கட்டும்டி. என் முகத்தைப் பாரு."