செம்மண்டலம் விதித்த பொருளாதாரத் தடை

போன வாரம் என் மாணவி ஒருத்திக்கு வாய்மொழித் தேர்வு. ஆய்வேட்டை எழுதி முடித்தவரைச் சபையில் நிறுத்திக் கேள்வி கேட்டு, டாக்டர் பட்டத்துக்குப் பரிந்துரைக்கும் சடங்கு. இப்போதெல்லாம் சபை என்பது கணினித் திரை. வெளித்தேர்வாளர் ஒரு சதுரத்தில், நான் ஒரு சதுரத்தில், பெயர் மட்டும் தெரியும் கறுப்புச் சதுரங்கள் கொஞ்சம். யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்டேன். கறுப்புச் சதுரங்களுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. எழுந்து நின்று வாழ்த்தினேன். மைக் அணைந்திருந்ததால் அது என் மனைவிக்கு மட்டும் கேட்டது.

மாலையில் மாணவி வீட்டிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி வந்தது. திறந்தால் லட்டின் நெய்யும் மிக்சரின் கறிவேப்பிலையும் கலந்த வாசம். அந்த வாசம் இருக்கிறதே, அது ஒரு பஸ். ஏறி உட்கார்ந்ததும் என்னைக் கொண்டுபோய் அண்ணாமலை நகரில் இறக்கிவிட்டது.

நான் பொருளாதாரத் தடைகளை ஆராய்ந்து பிழைக்கிறவன். ஒரு நாடு இன்னொரு நாட்டோடு கோபித்துக்கொண்டு, உன்னிடம் வாங்க மாட்டேன், உனக்கு விற்க மாட்டேன், உன்னோடு பேசுகிறவனோடும் பேச மாட்டேன் என்று அறிவிக்குமே, அது. சின்ன வயதிலேயே வெளியுறவுக் கொள்கையில் நாட்டம் போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். முந்திரி, பலா, கரும்பு, கூட்டுறவுக் கடன் என்று எங்கள் மாவட்டத்தில் விளைந்த தலைப்புகள் எல்லாவற்றையும் சீனியர்கள் அறுவடை செய்துவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது உலகம்.

ஆனால் பிடித்துக்கொண்டதும் பைத்தியமாகிவிட்டேன். எங்காவது ஒரு நாட்டின் மீது தடை விழுந்தால் எனக்கு அன்று கிறிஸ்துமஸ். நூலகத்துக்கு ஓடுவேன். வெளிநாட்டு இதழ்கள் கப்பலேறி வருவதற்குள் பாதித் தடைகள் நீங்கியிருக்கும். அதனாலென்ன, எனக்கு அது சுடச்சுடச் செய்திதான். பல் தேய்க்கும்போது வரும் யோசனைகளைக்கூட நுரையோடு ஓடிப்போய் எழுதிவைப்பேன்.

வீடு கடலூர் செம்மண்டலத்தில், ஆராய்ச்சி சிதம்பரத்தில். தினமும் பஸ். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் குடிகாடு வந்தது தெரிந்துவிடும். ரசாயனத் தொழிற்பேட்டையின் வாசம் டிக்கெட் எடுக்காமல் ஜன்னல் வழியே ஏறும். ஒருநாள் நகப்பூச்சு மாதிரி, ஒருநாள் அழுகின கொய்யா மாதிரி. எல்லோரும் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு வேறு வருத்தம்: மாமா இறங்கும் இடம் வந்துவிட்டதே.

மாமா, அம்மாவின் ஒரே தம்பி. அங்கே ஒரு சாயக் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். ஓ.டி. என்று நாங்கள் சொல்லும் முதுநகரில் ஏறி, நான் துண்டு போட்டு வைத்த இடத்தில் உட்காருவார். நகக்கண்ணைப் பார்த்தால் அந்த வாரம் கம்பெனியில் என்ன நிறம் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். "இன்னிக்கி எவன் எவன தள்ளி வெச்சிருக்கான் மாப்ள?" என்பதுதான் அவருடைய காலை வணக்கம். குடிகாடு வரைக்கும் அகில உலகத்தையும் இரண்டு பேரும் தீர்த்துவைப்போம்.

இது அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால் எனக்கும் தடை.

அந்தத் தடை என் அக்கா கல்யாணத்தில் ஆரம்பித்தது. எங்கள் பக்கம் முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. அப்பா பக்திமான். முதல் பத்திரிகையை எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியாரிடம் கொடுத்து ஆசீர் வாங்கிக்கொண்டு, இரண்டாவதை மாமாவிடம் நீட்டினார். மாமா வாங்கி வைத்துக்கொண்டார், கல்யாணத்துக்கு வரவில்லை. தாய்மாமன் சீர் வரும் வரும் என்று அம்மா கோயில் வாசலில் தெருவைப் பார்த்தபடி நின்றாள். உள்ளே பூசை தொடங்கிவிட்டது. அன்று சாயங்காலம் தனக்குத் தம்பி கிடையாது என்று அறிவித்தாள். அம்மா அறிவித்தால் அது அரசாணை.

முதலில் சரக்குப் போக்குவரத்து நின்றது. கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டு அதிரசம் ஓ.டி.க்குப் போகவில்லை, அவர்கள் வீட்டு அச்சு முறுக்கு இங்கே வரவில்லை. பிறகு மூன்றாம் நாடுகளுக்கும் பரவியது. மாமா வீட்டுக்குப் போய்வந்த குற்றத்துக்காகச் சித்திக்கும் அதிரசம் ரத்து. மருந்துக்கு மட்டும் மனிதாபிமான விலக்கு உண்டு. அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது மாமி ஆட்டோவில் கொடுத்தனுப்பிய கீழாநெல்லியை அம்மா வாங்கிக்கொண்டாள். பாத்திரத்தைக் கழுவி, ஒரு பிடி சர்க்கரைகூடப் போடாமல், காலியாகத் திருப்பி அனுப்பினாள். எங்கள் ஊரில் காலிப் பாத்திரம் என்பது போர்ப் பிரகடனத்துக்கு ஒரு படி கீழே.

இத்தனையும் நடந்துகொண்டிருந்தபோது நான் எங்கோ ஒரு தீவு நாட்டின் சர்க்கரை ஏற்றுமதி எப்படிக் குறைந்தது என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். சமையலறையில் ஒரு வல்லரசு உட்கார்ந்திருந்தது என் கண்ணில் படவில்லை. ஆய்வாளனுக்குக் கொடுக்கிற கண்ணாடி தூரப்பார்வைக்கானது. கடைசியில் ஐந்தாம் இயலில் ஒரு முடிவும் எழுதினேன்: தடைக்கு ஆளான நாடு முதலில் இறங்கி வந்தால்தான் தடை நீங்கும். எழுதிவிட்டு எனக்கு நானே ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

என் வாய்மொழித் தேர்வுக்கு முந்தின வாரம் பஸ்ஸில் மாமா வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. பாப்பாவுக்கு, அதாவது அவர் மகளுக்கு, கல்யாணம் முடிவாகியிருந்தது. தன் அக்கா வராத கல்யாணத்தை எப்படி நடத்துவது என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். அன்று தான் செய்தது தப்புதான் என்றும் ஜன்னலிடமே ஒத்துக்கொண்டார். பிறகு என் கையிலிருந்த தேர்வு அறிவிப்பைப் பிடுங்கிப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது. விரல் அந்த வாரம் மஞ்சள்.

"அனைவரும் பங்கேற்கலாம்னு போட்ருக்குதே மாப்ள. அனைவரும்னா நானும் உண்டுல்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரும் யாரையும் அழைக்க வேண்டாம், யாரும் அழைப்பில்லாமல் வந்ததாகவும் ஆகாது. பல்கலைக்கழகமே வருந்தி அழைக்கிறது!

தேர்வன்று வேன் வைத்துக்கொண்டு சொந்தபந்தம் வந்து இறங்கியது. ஒருவர் சாமியாராகும் குருப்பட்டத்துக்கு வருவதுபோலப் பட்டுப்புடவைகள். அம்மா லட்டு, மிக்சர் பெட்டிகளுக்குக் காவலாக இரண்டாம் வரிசையில். நான் ஒரு மணி நேரம் உலகத்தைச் சுருட்டி விரித்தேன். என்ன ஒரு வேகம்! வெளித்தேர்வாளர், மதுரைப் பக்கத்துப் பெரியவர், தூங்காமல் கேட்டார். சபைக்குக் கேள்வி உண்டா என்ற கட்டம் வந்தது. இதற்கு ஒரு மரபு உண்டு. கேள்வியையும் நாமே எழுதி ஒரு ஜூனியரிடம் கொடுத்துவைப்போம். ஜூனியர் எழுந்தான். அதற்குள் கடைசி வரிசையிலிருந்து குடிகாட்டு வாசம் வந்தது. ஷிப்ட் முடித்த சட்டையோடு மாமா நின்றார். ஜூனியர் உட்கார்ந்துவிட்டான்.

"ஐயா, நான் பொதுமக்கள். ஒரு சின்ன நாடு தப்பு பண்ணிடுச்சி. பெரிய நாடு தடை போட்டுடுச்சி. சின்னதுக்கு இப்ப தப்பு தெரியிது. ஆனா அதுக்கும் ரோஷம்னு ஒண்ணு இருக்குது. யாரு மொதல்ல பேசறது?"

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. முதுகு மட்டும் நிமிர்ந்தது. என் வாயில் ஐந்தாம் இயல் தயாராக நின்றது. அதைச் சொன்னால் மாமா அப்படியே வெளியே போய்விடுவார், பாப்பா கல்யாணத்தில் அத்தை இருக்க மாட்டாள். மாற்றிச் சொன்னால் என் ஆய்வேட்டின் மேல் நானே மண்ணெண்ணெய் ஊற்றியது போல.

"யார் முதல்ல பேசணும்னு பாத்தா யாருமே பேசமாட்டாங்க" என்றேன். "ரெண்டு பேருக்கும் சொந்தமில்லாத எடத்துல, வேற யாரோ கூட்டின கூட்டத்துல, தற்செயலா பாத்துக்கறாப்புல பாத்துக்கணும்."

இது ஐந்தாம் இயலுக்கு நேர் எதிராக இருக்கிறதே என்றார் தேர்வாளர். ஆமாம் என்றேன். இரண்டில் எது சரி என்றார். என் நெறியாளர் அம்மையார் கண்ணை மூடிக்கொண்டார்.

"இதுதான் சார்."

அப்போது அம்மா எழுந்தாள். தானும் பொதுமக்கள்தான் என்று முதலில் தெளிவுபடுத்தினாள்.

"அந்தச் சின்ன நாடு இத்தினி வருசத்துல ஒருதரமாவது வீட்டாண்ட வந்துதான்னு கேளு."

"மூணு தடவ வந்தேன்" என்றார் மாமா. "கேட்டு வரைக்கும்."

"கேட்டு தொறந்துதான் கெடந்துது."

தேர்வாளர் அம்மாவின் மூக்கைப் பார்த்தார், மாமாவின் மூக்கைப் பார்த்தார். ஒரே மூக்கு. மீதிப் பேச்சுவார்த்தையை டிபன் அறையில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, என்னைப் பட்டத்துக்குப் பரிந்துரைத்தார். நான் சொன்ன பதிலை ஒரு பத்தியாக ஐந்தாம் இயலில் சேர்க்கச் சொன்னார். என் ஆய்வேட்டில் உருப்படியான பத்தி அது ஒன்றுதான்.

டிபன் அறையில் இரண்டு பேரும் ஒரு கை தூரத்தில் நின்று என் மூலமாகப் பேசினார்கள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல் என்றாள் அம்மா. லட்டு வேண்டாம், சர்க்கரை இல்லாத காபி இருக்கிறதா கேள் என்றார் மாமா. அம்மா சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள்.

"ஒனக்கும் வந்துடுச்சா? எப்பலேருந்து?"

"ரெண்டு வருசமா. ஒனக்குமா க்கா?"

மாத்திரை பெயர்கள் பரிமாறப்பட்டன. அதற்குப் பிறகு நான் தேவைப்படவில்லை. போகும்போது மாமா, பாப்பா கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை அக்காவுக்குத்தான் என்றார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"சாமியாருக்கு மொதல்ல வையி. எனக்கு அப்பறம் வந்து வையி. நான் எங்க போயிடப் போறேன்."

இரண்டு பேரும் இப்போது இல்லை. அன்று பாடமாக எழுதத் தெரியாத ஒன்றை இப்போது வகுப்பில் சொல்கிறேன்: நிறையக் கொடுக்கல் வாங்கல் உள்ளவர்களுக்குள்தான் தடை வலிக்கும். என் மகனும் மாமாவின் பேரனும் பெங்களூரில் ஒரே சாலையில் வேலை பார்க்கிறார்கள். சண்டை கிண்டை எதுவும் கிடையாது. போன மாதம் நானே இருவரையும் போனில் சேர்த்துவைத்தேன். "ஹாய் ப்ரோ" என்றான் ஒருவன். "ஹாய் ப்ரோ" என்றான் மற்றவன். இத்தனை காலம் தடைகளை ஆராய்ந்தவன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். தடை செய்ய அங்கே ஒன்றுமே இல்லை.