ரேடியோ ஏழுமலை அண்ணனுக்கு ஒரு வீணை

ரேடியோ ஏழுமலை அண்ணன் போய்விட்டார். காலையில் பால் வாங்கப் போன இடத்தில்தான் கேள்விப்பட்டேன்.

ஆனால் மத்தியானம் பார்த்த கூத்தைச் சொல்லாமல் விட முடியாது. அதற்குத்தான் இந்தப் போஸ்ட்.

சின்னப் பசங்களுக்குத் தெரியாது. வீட்டுக்கு வீடு டி.வி. வராத காலம். திருவண்ணாமலை முனிசிபாலிட்டி பார்க்கில் ஒரு ரேடியோ ரூம், மேலே குழாய் ஸ்பீக்கர். தினம் சாயங்காலம் அதைப் போட்டுவிடுவதுதான் அண்ணன் வேலை. சத்தம் மலையில் மோதி வேலூர் வரைக்கும் போகும்...

சுதந்திரம் வந்த செய்தியையே இந்த ஊர் அவர் குழாயில்தான் கேட்டது. நான் அப்போது பிறக்கவில்லை. இருந்தாலும் நேரில் பார்த்த மாதிரி சொல்வேன்!

பெரிய தலைவர் யாராவது இறந்தால் ரேடியோவில் பாட்டு நின்றுவிடும். வெறும் வீணைதான். வீணை கேட்டால் சாவு... ஊருக்கே மனப்பாடம்.

எழுபதுகளில் ஒரு நாள் அண்ணன் ரேடியோவைப் போட்டார். அன்றைக்கு நிஜமாகவே வீணைக் கச்சேரி. அவ்வளவுதான்!

தேரடி வீதியில் மடமடவென்று கடை அடைத்தார்கள். ஓட்டல்காரர் பாதி வெந்த பஜ்ஜியோடு அடுப்பை அணைத்தார். கட்சிக்காரர் ஒருவர் கறுப்புக் கொடியோடு அழுதுகொண்டே பார்க்குக்கு வந்தார்.

"யாரு ஏழுமலை போயிட்டது?"

"யாரும் போகலீங்க. கச்சேரிங்க அது."

"அப்ப நான் எதுக்குயா இவ்ளோ நேரமா அழுதுனு இருக்கேன்?"

நான்தான் சைக்கிளில் மாட வீதி முழுக்கச் சுற்றி, "யாரும் சாகல, கடையத் தொறங்க!" என்று கத்தினேன். என் குரலுக்குக் கோபுரத்துப் புறா அத்தனையும் பறந்தது.

அன்றைக்கு அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார். "யப்பா, நான் செத்தா ஒரு வீணை போட்டுடு. ஊரு கொஞ்ச நேரமாச்சும் கம்முனு இருக்கும்."

"போட்டுடறேண்ணா" என்றேன்.

இன்று மத்தியானம் எடுத்தார்கள். முன்னால் மினி லாரி, பீரோ உயரத்துக்கு ஸ்பீக்கர், குத்துப்பாட்டு. பேரன்கள் கூலிங் கிளாஸ் போட்டு ஆட்டம். ஒருத்தன் பாடையோடு செல்ஃபி. ஃபிளெக்ஸில் வார்டு பிரமுகர் மூஞ்சி வண்டிச் சக்கரம் சைஸ், அண்ணன் முகம் புளியங்கொட்டை. தூ...

லாரிக்காரப் பையனிடம் போனேன். "பாட்ட நிறுத்துடா. என் செல்லுல வீணை இருக்குது, அதப் போடு."

"போ பெருசு. அதெல்லாம் போட்டா சாவு வீடு மாதிரி ஆயிடும்."

ஒயரைப் பிடுங்கிவிட்டேன். என்னை இழுக்க ஐம்பது பேர் வந்திருப்பார்கள், அசையவில்லையே நான்! செல்லைப் பாடைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன்.

செல்போன் சத்தம்... பக்கத்தில் இருந்தவனுக்கே கேட்கவில்லை. திட்டினார்கள், சிரித்தார்கள்.

எதிரே பழைய மளிகைக் கடையில் ஒரு கிழவர் மட்டும் காதைச் சாய்த்துக் கேட்டார். எழுந்து வந்து ஷட்டரைப் பாதி இறக்கினார்.

போயிட்டு வாங்கண்ணா. போட்டுட்டேன்.