டீச்சரம்மாவின் ரேங்க் கார்டு

உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில், மூன்று வருடங்களுக்கு முன் நடந்தது இது. நான் அங்கே அறிவியல் டீச்சர். கணக்கு டீச்சர் மாறுதலில் போய்விட, பத்தாம் வகுப்புக் கணக்கும் என் தலையில் விழுந்தது. முறைப்படி எடுக்க வேண்டுமென்றால் கணக்கிலும் பட்டம் வேண்டுமே! அதற்காகத் தொலைநிலைக் கல்வியில் சேர்ந்திருந்தேன். ஞாயிறுதோறும் காஞ்சிபுரத்தில் வகுப்பு. அன்றைக்கு வீட்டையும் பிள்ளைகளையும் மாமியார்தான் பார்த்துக்கொள்வார்.

கடைசி வருடம், இயற்கணிதத்தில் ஃபெயில். மதிய இடைவேளையில் போனில் மூன்று தடவை பார்த்தேன், அதேதான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நன்றாகத்தானே எழுதினேன்? எங்கே கோட்டை விட்டேன்? "படிச்சா எப்படி வராமப் போகும்?" என்று வகுப்புப் பிள்ளைகளை வாய் ஓயாமல் திட்டியவள் நான். படித்தேன், வரவில்லையே!

அதே குழப்பத்தோடு வகுப்புக்குப் போய், போட்ட கணக்கையே மறுபடியும் போர்டில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னா மிஸ், ஒரு மாதிரி கீறீங்க?" என்றாள் முதல் பெஞ்சுப் பெண்.

மனசு தாங்காமல் சொல்லிவிட்டேன். அவளே ரொம்ப அக்கறையாகக் கேட்டாள்: "அப்ப வூட்ல கையெழுத்து வாங்கியாரணுமே மிஸ்?"

ஃபெயிலானால் ரேங்க் கார்டில் வீட்டுக் கையெழுத்து இல்லாமல் வகுப்புக்குள் வரக்கூடாது. நான் போட்ட சட்டம்தான். கோபப்படுவதா, சிரிப்பதா? "நாளைக்கு வாங்கிட்டு வரேன்" என்று சொல்லித் தொலைத்தேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் என் மார்க் பட்டியலைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மாமியார் அரிசி களைந்துகொண்டிருந்தார். விளையாட்டுக்குத்தானே என்று நினைத்தேன், ஆனால் காகிதத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு கதவோரமே நின்றேன். நாற்பது வயசில்!

விஷயத்தைச் சொல்லிக் காகிதத்தை நீட்டினேன். அவர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார். "இதுக்கா இப்டி பயந்துக்கினு கீற? மறுபடியும் எழுது. ஞாயித்துக்கெயம சோறு நான் ஆக்கிடறேன்." எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் வகுப்பில் காட்டினேன். ஒரே கைதட்டல். கடைசி பெஞ்சில் மட்டும் ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். போன மாதம் கையெழுத்து வாங்கப் போய்க் கன்னம் வீங்கி வந்தவள்.

அடுத்த தடவை நான் பாஸாகிவிட்டேன். ஆனால் அந்தச் சட்டத்தை, அவள் தலை குனிந்த அன்றைக்கே எடுத்துவிட்டேன். என் மாமியார் எல்லா வீட்டிலும் இருக்கமாட்டார் என்பது, இத்தனை வருஷம் பாடம் எடுத்த எனக்கு ஃபெயிலான பிறகுதான் உறைத்தது.