முதல் வாய் அம்மாவுக்கு

எங்கள் தெற்கு மடகாஸ்கர் காய்ந்த பூமி. கள்ளியும் நித்தியகல்யாணியும் மட்டும் யாரையும் கேட்காமல் முளைக்கும். அந்த நித்தியகல்யாணியைப் பறித்து, உலர்த்தி, மூட்டை கட்டிக் கொடுத்தே இருபது வருஷத்தை ஓட்டியவள் ஹவுவா. மூட்டை கப்பலேறும் என்பது தெரியும். எதற்கு என்று அவளும் கேட்டதில்லை, வாங்குகிறவனும் சொன்னதில்லை. சாப்பிடுமுன் கையைக் கழுவு என்பதோடு சரி.

ஏழு வயது மகள் சுவாவெலுவுக்கு ரத்தப் புற்றுநோய் என்று பட்டணத்து ஆஸ்பத்திரியில் சொன்ன அன்றுதான் விஷயம் தெரிந்தது. அழுதவளைத் தேற்றப் போன நர்ஸ் பெர்தீன், குழந்தைக்கு வாராவாரம் ஏற்றப்போகும் மருந்தே உங்கள் நித்தியகல்யாணியிலிருந்து வருவதுதான் என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். வினை அங்கேதான் பிடித்தது.

மூன்று வாரம் மருந்து ஏறியது, நோயால் கழுத்தில் புடைத்திருந்த கட்டிகள் வற்றின. நாலாவது வாரம் மருந்து வரவில்லை. இன்று வரும், நாளை வரும் என்றார்கள். ஹவுவா மகளின் கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். தொட்ட இடமெல்லாம் கட்டியாகவே பட்டது. பக்கத்துக் கட்டில் பையனைத் துணி மூடி எடுத்துப் போனதும் பயம் தலைக்கேறிவிட்டது. ஆஸ்பத்திரிச் சுவரோரத்திலேயே அந்தச் செடி பூத்துக் கிடந்தது. பஞ்சத்தில் அதன் இலையை மென்று பசியை மறந்தவளாயிற்றே, அவளுக்கு அதனிடம் என்ன சந்தேகம்? வேரோடு கைநிறையப் பிடுங்கிச் சுண்டக் காய்ச்சினாள்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மருந்து கொடுப்பவர் முதல் வாய் குடித்துக் காட்ட வேண்டும், அதில் விஷமில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. பெற்ற மகளுக்கும் அப்படித்தான். ஹவுவா ஒரு வாய்க்குப் பதில் அரைக் குவளையே குடித்துக் காட்டினாள். நாற்றம் பிடிக்காமல் சுவாவெலு வாயை இறுக மூடிக்கொண்டாள். கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே ஹவுவாவுக்குக் குமட்டியது, கண் இருட்டியது, குவளை கைநழுவிக் கொட்டியது.

இரண்டு நாள் அவளும் ஒரு கட்டிலில் கிடந்தாள். பெர்தீன் விட்டுவைக்கவில்லை.

"மூட்டை மூட்டையா இலையில இருந்து ஒரு சிட்டிகைதான் எடுக்கிறாங்க. அதையும் எடை பார்த்து, அளந்து ஏத்துறோம். நீ காய்ச்சினது மருந்தில்ல, விஷம். அதை அவ குடிச்சிருந்தா?"

ஹவுவா போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மருந்து வந்தது. சுவாவெலு கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"அந்தச் செடி உன்னையே சாய்ச்சிருச்சு. எனக்கு வேணாம்."

"இது வேறடி, கண்ணு."

"அப்ப நீ முதல்ல ஏத்திக்கோ."

பெர்தீன் குப்பியைக் கையிலெடுத்துப் பார்த்தாள். இருந்தது ஒரே குப்பி, குழந்தைக்கென்றே அளந்தது. ஹவுவாவுக்கோ இப்போது அந்தக் குப்பியைப் பார்த்தாலே பயமாக இருந்தது. அதே செடிதானே உள்ளே இருக்கிறது? ஆனாலும் மகள் கழுத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி மறுபடி எழும்பியிருந்தது. இது பிரமையில்லை, பெர்தீனும் தொட்டுப் பார்த்துவிட்டாள்.

"நான்தான் அன்னைக்கே குடிச்சிட்டேனேடி. முதல் வாய் என்னோடது. செத்தா போயிட்டேன்? எதிர்ல உட்கார்ந்திருக்கேன்ல?"

சுவாவெலு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

மருந்து ஏறத் தொடங்கியது. நடுங்கும் இரண்டு கைகளையும் மகள் பார்த்துவிடாமல், ஹவுவா தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.