கால் இஞ்ச் கூடிய கழுத்து

எங்கள் தெருத் தையல்காரிக்கு எல்லார் அளவும் தலைக்குள்தான். ஒரு தடவை எடுத்தால் போதும். அப்புறம் துணியை மட்டும் கொடுத்தனுப்பினால் கச்சிதமாகத் தைத்துவிடுவாள். அதனால்தான் என் புதுச் சட்டையில் பொத்தான் போட முடியாமல் போனதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடை என்னுடையது. கடையை அப்படியே போட்டுவிட்டுப் போனேன்.

"நீங்க கொஞ்சம் குண்டாயிட்டீங்கக்கா," என்றாள். அந்த வாரம் சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்த எல்லாரிடமும் இதையே சொல்லியிருக்கிறாள்!

சண்டைக்கு வாயைத் திறந்த நான், அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். அழுதிருந்தாள்.

அவள் மகளைக் குருவி என்போம். பிறவியிலேயே ஏதோ அபூர்வமான மரபணுக் கோளாறு. சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய், தாய்மாமன் ஒன்றைக் கொடுத்தான். அதை உடம்பு ஒதுக்கித் தள்ளாமலிருக்க தினமும் மாத்திரை. அந்த மாத்திரை உடம்பின் காவலையும் தளர்த்திவிடுமாம். அதனால் புற்றுநோய் வர மற்ற பிள்ளைகளைவிட வாய்ப்பு அதிகம், இவள் கோளாறுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"வந்தே தீரும்னு இல்லம்மா. கழுத்துல, அக்குள்ல கட்டி மாதிரி தட்டுப்பட்டா உடனே வாங்க. அவ்வளவுதான்."

இவள் தடவிப் பார்ப்பதோடு விடுவாளா? ஞாயிறுதோறும் டேப்பைச் சுற்றிக் கழுத்தளவே எடுத்துவிடுவாள்.

"இந்த வாரம் கால் இஞ்ச் கூடியிருக்குக்கா," என்றாள் மெதுவாக.

குருவிதான் அலட்டிக்கொள்ளவில்லை. "ஏம்மா, தெருவே ஒரே வாரத்துல குண்டாயிடுச்சா? புது டேப் எப்ப வாங்கினே?"

அந்த வாரம்தான் வாங்கியிருந்தாள். பழைய டேப் ஜன்னல் திரையைக் கட்டிக்கொண்டு கிடந்தது. குருவி அதை அவிழ்த்துப் புதியதன் பக்கத்தில் வைத்தாள். வருஷக்கணக்கில் இழுத்து இழுத்துப் பழையது நீண்டே போயிருந்தது. அதில் எடுத்த அளவை வைத்துக்கொண்டு புதியதில் துணி வெட்டினால் சட்டை இறுகத்தானே செய்யும்? அதே கழுத்தைப் புதியதில் அளந்தால் கூடத்தானே காட்டும்?

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "டேப் தப்பாவே இருக்கட்டும். டாக்டர் கை வச்சுப் பார்க்காம எனக்குச் சாப்பாடு இறங்காது," என்று குருவியை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சாயங்காலம் தெருமுனையிலிருந்தே கத்தினாள். "ஒண்ணும் இல்லையாம்! யாரும் குண்டாகலை! எல்லாத்தையும் கொண்டாங்க, பிரிச்சுத் தச்சுத் தர்றேன்!"

"இனிமே டேப்பைத் தொடக் கூடாதாம், விரல் போதுமாம்," என்றாள் பின்னால் வந்த குருவி, கழுத்தை நீட்டிக் காட்டி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

என் சட்டையையும் பிரித்துத் தைத்துத் தந்தாள். இப்போதும் கொஞ்சம் பிடிக்கத்தான் செய்கிறது. மூச்சை உள்ளே இழுத்துப் பொத்தான் போட்டுக்கொள்கிறேன். அளவு கூடியிருக்கிறது என்ற பேச்சு இனி அவள் காதில் விழ வேண்டாம்.